.17 எச்.எம்.ஆர். மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில் சனிக்கிழமைகளில் உதவிக்கு நிற்கிறேன். இங்கே வயல்களில் முயல் தொல்லை அதிகம். அதற்கு நிறையப் பேர் கையில் எடுப்பது .17 எச்.எம்.ஆர். ரைஃபிள். கடைக்குள் நுழைகிறவர் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் "துப்பாக்கி ரிப்பேர்" என்பதுதான். மேசையில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். கோளாறு தோட்டாவில் இருக்கும், இல்லையென்றால் துடைக்காமல் விட்ட அழுக்கில் இருக்கும்.

இந்தத் தோட்டாவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. .22 மேக்னம் தோட்டாவின் கழுத்தை நெருக்கி, அதில் இன்னும் சிறிய குண்டைச் சொருகி 2002-இல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்தது இது. குண்டின் எடை 17 கிரெயின், அதாவது 1.1 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 775 மீட்டர். என்.சி.சி.யில் தரையில் படுத்துச் சுட்டோமே, அந்த .22 இதில் பாதி வேகம்கூடப் போகாது. பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது என்பதில் மட்டும் இரண்டும் பங்காளிகள்.

கீழே சொல்வதெல்லாம், ஒவ்வொரு முறையும் பின்பக்கத்து உலோகத் தண்டை (அதுதான் போல்ட்) கையால் இழுத்து மூடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு. பிரிட்டனில் 1988 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் என்றால் .22 ரிம்ஃபயர் (விளிம்பில் மருந்து வைத்த தோட்டா) மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்த வகை .17 எங்கள் மேசைக்கு வந்ததே இல்லை.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: குழலின் வாய் பத்திரமான திசையில், மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) வெளியே, விரல் விசைக்கு வெளியே. கண்ணாடி போடாமல் இந்தத் தோட்டா பக்கமே வராதீர்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

## "க்ளிக்" என்றது, வெடிக்கவில்லை

உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்வது அபூர்வம்தான், ஆனாலும் நடக்கும். குழலை அதே திசையில் பிடித்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிடம் காத்திருங்கள். முயல் ஓடிவிடும், ஓடட்டும். அப்புறம் முகத்தைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்து, தோட்டாவை எடுத்து அதன் அடி விளிம்பைப் பாருங்கள். அங்கே இருக்கும் தடம்தான் அடுத்து எங்கே போவது என்று சொல்லும்.

### விளிம்பில் தடமே இல்லை

போல்ட்டை முழுசாகப் பின்னுக்கு இழுக்காமல் மூடியிருப்பீர்கள். அதனால் அது தோட்டாவை எடுக்கவே இல்லை. அல்லது மேகசின் சரியாக மாட்டாமல் தொங்கியிருக்கிறது, தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏறவில்லை. இந்த இரண்டும் இல்லையென்றால் துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, ஃபயரிங் பின் (தோட்டாவின் விளிம்பை அடிக்கும் ஊசி) முனை இருக்கிறதா என்று பாருங்கள். முனை உடைந்திருந்தால் அது கன்ஸ்மித் (துப்பாக்கி செய்து பழுது பார்ப்பவர்) வேலை. உதிரி பாகம் வாங்கி வீட்டில் மாட்டலாம் என்று சிலர் கிளம்புவார்கள். பின்னின் நீளம் ஒரு மயிரிழை கூடினாலும் அது சேம்பரின் விளிம்பைக் குத்தும், அந்தச் செலவு வேறு. வேண்டாம்.

### தடம் மேலோட்டமாக இருக்கிறது

கடைக்கு அதிகம் வருவது இதுதான். இந்த வரிசையில் பாருங்கள்.

போல்ட் கைப்பிடி கடைசி வரை கீழே இறங்கியதா? முழுசாக இறங்காத போல்ட், அடியின் பலத்தில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

அடுத்து, சேம்பரின் வாயில் தோட்டாவின் விளிம்பு உட்காரும் சின்னப் பள்ளம். கரியும் மெழுகும் எண்ணெயும் அங்கே சேர்ந்து இறுகிவிடும். விளிம்பு அதன் மேல் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்காரும்; பின் அடித்தால் தோட்டா முன்னால் நகருமே தவிர, விளிம்பு நசுங்காது. பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்று, காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று, கொஞ்சம் சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்). நான் பார்த்தவரை இந்தப் பத்து நிமிட வேலையிலேயே நிறையத் துப்பாக்கிகள் வீடு திரும்பிவிடுகின்றன.

மூன்றாவது, போல்ட்டுக்குள் கிரீஸ். கோடையில் அள்ளிப் பூசியது ஜனவரிக் குளிரில் கெட்டியாகி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் சோதித்தால் நன்றாக அடிக்கும், வயலில் அடிக்காது. அதனால்தான் "உங்களிடம் வந்தால் மட்டும் வேலை செய்கிறது" என்று குறைபடுகிறார்கள். போல்ட்டைப் பிரிக்கத் தெரிந்தால் பிரித்து, உள்ளே உலர்வாகத் துடைத்து, ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். தெரியாவிட்டால் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்பிரிங் பறந்து அலமாரிக்கடியில் போன கதைகள் நிறைய உண்டு.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பின் முனை தேய்ந்திருக்கும், அல்லது போல்ட்டுக்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கும். மூன்றாவதைக் கேஜ் என்ற அளவுக் கருவி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. இந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

### தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை

துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. விளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து சுற்றிலும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். எங்காவது ஓரிடத்தில் பரவாமல் விட்டுப்போயிருந்தால், பின் சரியாக அந்த இடத்தில் அடிக்கும் அன்று உங்களுக்கு க்ளிக் சத்தம்தான். தோட்டாவைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு, .22-இல் அது பழைய பழக்கம். இதில் நான் செய்ய மாட்டேன். கழுத்து ஏற்கெனவே விண்டிருக்கலாம், குண்டு தளர்ந்திருக்கலாம். ஒரு தோட்டா காசுக்காக அந்தப் பந்தயம் கட்ட வேண்டுமா?

ஒரே பெட்டியில் இரண்டு மூன்று இப்படி வந்தால் பெட்டியின் மேல் உள்ள லாட் எண்ணை (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) குறித்துக்கொண்டு, வேறு லாட் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். அதுவும் இப்படியே செய்தால் மட்டும் துப்பாக்கியைச் சந்தேகப்படுங்கள்.

## வெடித்தது, ஆனால் சத்தம் சரியில்லை

"டமார்" என்று வர வேண்டியது "டொப்" என்றோ "புஸ்" என்றோ வந்தால், அன்றைக்குச் சுட்டது போதும். தோளில் அதிர்வு வித்தியாசமாகப் பட்டாலும், இலக்கில் துளையே விழாவிட்டாலும் அதே கதைதான்.

குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் வெடிக்கும். எங்கள் கடைக்கு ஒரு ரைஃபிள் வந்தது. வெளியே பார்த்தால் புதுசு. குழலின் மேல் விரலை ஓட்டினால் நடுவில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டது. "ஒரு தடவை சத்தம் கம்மியா இருந்துச்சு, அடுத்தது நல்லாத்தான் வெடிச்சுது" என்றார் அதைக் கொண்டுவந்தவர். அந்தக் குழல் பழைய இரும்புக்குப் போனது.

என்ன செய்வது: ஒரு நிமிடம் காத்திருங்கள். மேகசினை எடுங்கள், கூட்டை வெளியேற்றுங்கள், போல்ட்டை முழுசாகக் கழற்றுங்கள். குழல் வாயில் சத்தம் குறைக்கும் மாடரேட்டர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். போல்ட் இருந்த பக்கத்திலிருந்து கண்ணை வைத்து, மறுமுனையை வெளிச்சத்துக்குக் காட்டிப் பாருங்கள்.

### குழல் இருட்டாக இருக்கிறது

அடைப்பு. தடியை விட்டுத் தட்டலாம் என்று தோன்றும். .17 குழலுக்கான தடி கம்பி மாதிரி ஒல்லி. தட்டினால் வளையும், உடைந்தால் குண்டோடு சேர்ந்து அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். டிரில் பக்கம் கையே போகக் கூடாது. இன்னொன்றைச் சுட்டு வெளியே தள்ளலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் அவரோடு வயலுக்குப் போகாதீர்கள். போல்ட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு நேரே கன்ஸ்மித்.

### வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறது

குழல் காலி. மாடரேட்டரையும் அதேபோல் பாருங்கள், குண்டு அதற்குள் தடுப்புகளில் முட்டி நின்றிருக்கலாம். இப்போது கூட்டைக் கையில் எடுங்கள். கழுத்தில் கீறல் இருந்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். கூடு முழுசாக இருந்து, சேம்பரிலும் போல்ட்டிலும் எரியாத மருந்துத் துகள் சிதறிக் கிடந்தால், மருந்து நமத்துப்போனதாகவோ பற்றவைப்பு பலவீனமாகவோ இருக்கலாம். பெட்டியை ஒதுக்குங்கள்.

### சுடவே இல்லை. தோட்டாவை வெளியே எடுத்தால் குண்டைக் காணோம்

இதற்குச் சத்தமே கிடையாது, அதனால்தான் ஆபத்து அதிகம். கழுத்துப் பிடி தளர்ந்த தோட்டாவை ஏற்றிவிட்டுச் சுடாமல் இறக்கினால், குண்டு குழலின் வாயிலேயே தங்கிவிடும், கூடு மட்டும் வரும். உள்ளெல்லாம் மருந்து கொட்டியிருக்கும். இறக்கும் ஒவ்வொரு தோட்டாவிலும் குண்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன அடைப்பு வழிதான்.

## கூட்டின் கழுத்தில் கீறல்

இந்தத் தோட்டாவின் பிறவிக் குறை என்று இதைச் சொல்லலாம். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சுட்ட பின் கூடுகளைப் பொறுக்கி வரிசையாக நிறுத்துங்கள். கழுத்தில் நெடுக்காக ஒரு கீறல், ஓரத்தில் கரி. சிலவற்றில் தோள்பட்டை வரை இறங்கியிருக்கும். எப்போதாவது ஒன்று இப்படி வந்தால் பதற வேண்டாம். ஒரு பெட்டியில் நான்கைந்து வந்தால் அந்தப் பெட்டியை இனி சுடாதீர்கள். சுடும்போது கழுத்து விண்டால் காற்று பின்னால் கசியும். குண்டுக்குத் தள்ளு குறையும். இலக்கில் ஒன்று மட்டும் கீழே விழும். "டொப்" சத்தத்துக்கும் இதுதான் பல நேரம் அண்ணன்.

மோசமானது, சுடுவதற்கு முன்பே விண்ட கழுத்து. புதுப் பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. ஐம்பது தோட்டாவுக்கு ஐந்து நிமிடம் ஆகும். குண்டை விரலால் லேசாகத் திருகுங்கள்; சுழன்றால் அது கெட்டது.

காரணம் பித்தளையில் இருக்கிறது. .22 மேக்னம் கூட்டை .17-க்கு நெருக்கும்போது கழுத்து இறுகி, உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. பெரிய தோட்டாக்களின் காலிக் கூட்டில் கழுத்தைச் சூடாக்கி இளக்கித் திரும்பப் பயன்படுத்துவார்கள். விளிம்பில் மருந்து வைத்த கூடு ஒருமுறையோடு சரி. நாம் அதில் கைவைக்க வழியில்லை. அப்படி இறுகிய பித்தளைக்குப் பரம எதிரி அம்மோனியா. இந்தக் கதை நம் ஊர்ப் பக்கம் தொடங்கியது என்பது கொஞ்சம் வேடிக்கை. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் தானாக விண்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் அதற்குக் காரணம் என்று 1921-இல்தான் தெளிவானது.

நம் வீட்டில் குதிரை கிடையாது. ஆனால் குழலில் ஒட்டும் செம்பைக் கரைக்கும் சால்வென்ட் பலவற்றில் அம்மோனியா உண்டு. அந்தப் பாட்டிலை மூடி சரியாகத் திருகாமல் தோட்டாவோடு ஒரே பெட்டிக்குள் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் சோதனை, உங்கள் அலமாரி. பாட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். சேம்பரிலும் சால்வென்ட் ஈரம் தங்காமல் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். தோட்டாவைக் கார் டிக்கியில் வருஷக்கணக்காகப் போட்டு வைக்காதீர்கள்.

அலமாரியில் தவறில்லை என்றால் லாட்டை மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று லாட் மாற்றியும், ஒவ்வொரு கூட்டிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கீறல் வந்தால்தான் சேம்பர் மீது சந்தேகம். கூடுகளோடு கன்ஸ்மித்திடம் போங்கள்.

விண்ட தோட்டாவைக் குப்பையில் போடக் கூடாது. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், லாட் எண்ணைச் சொன்னால் கம்பெனிக்குத் தெரிவிப்பார்கள். கடை இல்லையென்றால் போலீஸ் நிலையத்தில் பேசிவிட்டு ஒப்படைக்கலாம்.

## முகத்தில் காற்று அடித்தது

கூட்டின் அடிப்பாகமோ விளிம்போ விண்டால் காற்று பின்னால் வரும், பித்தளைத் துணுக்கும் வரும். கண்ணாடி போடச் சொன்னது இதற்குத்தான்.

இதில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: சரியான தோட்டாவா? .17 எச்.எம்.ஆர். தோட்டாவின் உடம்பும் .22 மேக்னம் தோட்டாவின் உடம்பும் ஒன்றுதான். பல துப்பாக்கிகளில் இரண்டுக்கும் ஒரே மேகசின். இரண்டு ரைஃபிளும் வைத்திருக்கிறவர் இருட்டில் மாற்றிப் போட்டால் .17 தோட்டா .22 மேக்னம் சேம்பருக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும். சுட்டால் கழுத்து மொத்தமும் பிய்யும். .17 மாக் 2 என்று 2004-இல் வந்த இன்னொன்று இருக்கிறது, அது .22-இன் ஒல்லிக் கூட்டிலிருந்து செய்தது. இந்தச் சேம்பரில் தொளதொளவென்று நிற்கும். குழலில் பொறித்திருப்பதையும் பெட்டியில் எழுதியிருப்பதையும் ஒப்பிடுங்கள். "பதினேழுதானே" என்று கையில் வந்ததைப் போடக் கூடாது.

தோட்டா சரியானதுதான், ஆனாலும் அடி விண்டது என்றால் வேறு சோதனை எதுவும் வேண்டாம். துப்பாக்கி கன்ஸ்மித் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அரைத்தானியங்கி (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும்) .17 அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: அமெரிக்காவில் 2009-இல் ஒரு பெரிய கம்பெனி இந்தத் தோட்டாவுக்கான தன் அரைத்தானியங்கி ரைஃபிள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உங்கள் துப்பாக்கிக் கையேட்டில் எந்தத் தோட்டா என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள்.

## சுட்ட கூடு வெளியே வர மறுக்கிறது

கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கரி அடைத்திருக்கும். பல்குத்தும் குச்சியால் கிளறி எடுங்கள். அப்புறம் சேம்பர் அழுக்கு. விண்ட கூடு சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. போல்ட்டைக் கழற்றிவிட்டு முன்னாலிருந்து தடியை மெதுவாக விட்டால் காலிக் கூடு வந்துவிடும். கவனம், காலிக் கூட்டுக்கு மட்டும். சுடாத தோட்டா மாட்டியிருந்தால் தடியே விடாதீர்கள்.

கொக்கி மழுங்கியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவு இல்லை. சுத்தம் செய்தும் ஒவ்வொரு கூட்டிலும் ஒரே இடத்தில் கீறிய தடம் வந்தால், சேம்பர் வாயில் பின் குத்திக் குத்திப் பிசிறு எழுந்திருக்கும். தோட்டா இல்லாமல் விசையைத் தட்டி விளையாடியதன் பலன். அரம் எடுக்காதீர்கள், கன்ஸ்மித்திடம் இதற்குத் தனிக் கருவி உண்டு.

## நேற்று வரை ஒரே துளை, இன்று சிதறல்

நல்ல .17 என்றால் காற்றில்லாத நாளில் 100 கெஜத்தில் ஐந்து குண்டும் ஓர் அங்குலத்துக்குப் பக்கத்தில் விழும்.

### மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது

ஸ்கோப் மவுன்ட் திருகுகள், கட்டையோடு துப்பாக்கியைப் பிடிக்கும் இரண்டு திருகுகள், மாடரேட்டர். மூன்றையும் தொட்டுப் பாருங்கள். லாட் மாறினாலும் நகரும். பிறகு காற்று: குறுக்கே மணிக்கு 16 கி.மீ. காற்று அடித்தால் 100 கெஜத்தில் சுமார் 3 அங்குலம் தள்ளும். ஒரு கிராம் குண்டு, வேறென்ன செய்யும்?

### ஒன்றிரண்டு மட்டும் தனியே ஓடுகிறது

அந்தக் கூடுகளை எடுத்துக் கழுத்தைப் பாருங்கள். கீறல் இல்லையென்றால் மாடரேட்டரைக் கழற்றிவிட்டுச் சுடுங்கள். சிதறல் நின்றால் குண்டு உள்ளே தடுப்பில் உரசுகிறது. வெளியேறும் துளையில் வெள்ளிக் கீறல் தெரியும். திருகு மரை கோணலா என்று கன்ஸ்மித் பார்க்கட்டும்.

### மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விரிகிறது

குழலைச் சுத்தம் செய்யுங்கள். துளை குறுகலானதால் கரியும் செம்பும் இதில் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். தடியைப் பின்னாலிருந்து மட்டும் விடுங்கள். சுத்தம் செய்த குழல் முதல் சில குண்டுகளைக் கண்டபடி போடும், அதை வைத்து ஸ்கோப்பைத் திருகிவிடாதீர்கள். மாடரேட்டரை மாட்டியபடியே அலமாரியில் வைத்தால் உள்ளே நிற்கும் ஈரம் குழல் வாயைத் துருப்பிடிக்க வைக்கும். வாயில் துருப்புள்ளியோ தடி உரசிய தேய்மானமோ தெரிந்தால் வாயைப் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். அதற்கும் சரிவராவிட்டால் புதுக் குழல். இங்கே அது லண்டன் அல்லது பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸின் சோதனை முத்திரை வாங்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## அட்டையில் சரியாக விழுகிறது, வயலில் தவறுகிறது

துப்பாக்கியைக் கொண்டுவராதீர்கள், புல்லைப் பாருங்கள். பிளாஸ்டிக் முனை வைத்த இந்த மெல்லிய குண்டு, வழியில் ஒரு குச்சியில் பட்டாலே சிதறிவிடும். ஸ்கோப் குழலைவிட உயரத்தில் இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு வழி திறந்திருக்கும், குண்டுக்கு முன்னால் புல் நிற்கும்.

## கடைக்கு வரும்போது

துப்பாக்கியை மட்டும் நன்றாகத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவருகிறார்கள். துடைக்காமல் கொண்டுவாருங்கள். கோளாறான கூடு, அதே பெட்டியில் மிச்சம் இருக்கும் தோட்டாக்கள், லாட் எண் உள்ள அட்டை, கழற்றிய மாடரேட்டர் எல்லாம் வேண்டும். அன்று குளிரா, மழையா, எத்தனையாவது தோட்டாவில் நடந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். போன மாதம் ஒருவர் விண்ட கூடு பன்னிரண்டை மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். பன்னிரண்டும் ஒரே லாட். துப்பாக்கியை உறையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.